ஒரு சிவப்பை மட்டும் விடும் கண்ணாடி

நட்சத்திரப் படம் எடுக்க ஃபில்டர் கேட்டு எங்கள் கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் தெருவிளக்கு என்ன நிறம் என்பதுதான். பலர் நிமிர்ந்து பார்த்திருக்கவே மாட்டார்கள். பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்புவேன்.

அல்மாட்டியில் முன்பு எங்கும் மஞ்சள் சோடியம் விளக்குகள். அந்த மஞ்சளை மட்டும் வெட்டும் கண்ணாடியை லென்ஸில் போட்டால் வானம் கறுத்துவிடும். இப்போது வெள்ளை எல்இடி வந்துவிட்டது. அதில் எல்லா நிறமும் இருக்கிறது. எதை வெட்டுவது? அதனால் வேண்டாததை வெட்டாதீர்கள், வேண்டியதை மட்டும் உள்ளே விடுங்கள் என்பேன். நெபுலா என்னும் விண்மேகத்தின் ஹைட்ரஜன் ஒரே ஒரு சிவப்பில் ஒளிர்கிறது. அந்தச் சிவப்பை மட்டும் விடும் கண்ணாடிக்கு எச்-ஆல்ஃபா என்று பெயர். அதைக் கண்முன் பிடித்தால் பட்டப்பகலும் இருட்டாகத் தெரியும்.

ஒரு குளிர்காலம் முழுவதும் அந்தக் கண்ணாடியை வைத்து, எங்கள் ஒன்பதாவது மாடி பால்கனியிலிருந்து ஒரு நெபுலாவை எடுத்தேன். சுற்றிலும் அடுக்குமாடி விளக்குகள், மேலே கரிப்புகை. விரல்கள் மரத்துப்போகும். குளிர் உள்ளே வருகிறது, கதவை மூடு என்று அம்மா திட்டுவாள்.

தெமிர்லான் அண்ணா எங்கள் வானியல் சங்கத்தின் தலைவர். நகரத்துக்குள்ளிருந்து நெபுலா எடுக்க முடியாது என்று எல்லோரிடமும் சொன்னவர். ஒரு நண்பரிடம் காட்டுவதாகச் சொல்லி என் மூலப் படங்களை வாங்கிப் போனார். நௌரிஸ் புத்தாண்டு விழாக் கண்காட்சியில் அந்தப் படம் அவர் பெயரில் தொங்கியது. முதல் பரிசும் அதற்குத்தான். அன்று விருந்தில், பெஷ்பர்மாக் கறித் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது, "அண்ணா, அது நான் எடுத்த படம்" என்றேன்.

"பாருங்கய்யா, நம்ம அய்சுலுவுக்குப் பேச்சு வந்துடுச்சு" என்றார். "ஃபில்டர் எடுத்துக் குடுத்தது இவதான், இல்லேங்கல. அதுக்காக குதிரைய வித்தவளுக்குமா பந்தயப் பரிசு குடுப்பாங்க? கோச்சுக்காத தங்கச்சி. இன்னும் ரெண்டு துண்டு கறி போட்டுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. நானும் சிரித்தேன். கறியும் போட்டுக்கொண்டேன்.

சூரிய கிரகணத்தன்று காலை அவர் கடைக்கு வந்தார். ஒரு செய்தித்தளத்துக்குப் படம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். மேசைமேல் ஒரு எச்-ஆல்ஃபா கண்ணாடி இருந்தது. அதைக் கையில் எடுத்தார். "இதுதானே தங்கச்சி? சூரியன்ல தீ நாக்கு தெரியுற படத்துக்குக் கீழ எல்லாம் இந்தப் பேருதான் போட்டிருக்கான்."

வானத்தைப் படம் எடுக்கும் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. பெயர் ஒன்றுதான், ஆனால் சூரியனுக்கானது தனிக் கருவி. அது வெப்பத்தை வாசலிலேயே தடுத்துவிடும். இரவு வானத்துக்கான கண்ணாடி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் தடுக்கும் என்று நம்ப முடியாது. இருட்டாகத் தெரிவதால் கண்மணி அகலமாக விரியும். விழித்திரைக்கு வலி தெரியாது.

சூரியனுக்கான சரியான ஃபில்டர் எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. நான் திரும்பவில்லை. அவர் லென்ஸுக்குப் பொருந்தும் வளையத்தைத் தேடி எடுத்து, கண்ணாடியைத் திருகி, கைரேகை இல்லாமல் துடைத்துக் கொடுத்தேன். அவர் திரையைப் பார்த்துப் படம் எடுக்கமாட்டார். அது ஃபோன்காரர்கள் வேலை என்பார். வ்யூஃபைண்டரில் கண்ணை ஒட்டவைத்துத்தான் குறிபார்ப்பார். அதுவும் எனக்குத் தெரியும்.

அவர் எதை வாங்கிப் போனார் என்பது நீங்கள் விசாரித்து அறிந்ததுதான், ஐயா. இப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை இல்லை. ஃபில்டரின் பெயரில் அவர் குழம்பிவிட்டார், கடைப்பெண் கவனிக்கவில்லை என்று முடித்துவிட நீங்கள் தயாராக இருக்கிறீர்கள். ஆனால் வ்யூஃபைண்டரில் ஒரு கண்ணைத்தான் வைக்க முடியும். இரண்டும் எப்படிப் போயின என்று நீங்கள் கேட்கவில்லை.

கிரகணம் பாதியில் இருக்கும்போது அவர் மலையிலிருந்து ஃபோன் செய்தார்.

"தங்கச்சி, படம் அருமையா வருது. ஆனா வலது கண்ணுல நடுவுல கறுப்பா ஒரு புள்ளி. எங்க பாத்தாலும் கூடவே வருது. ஃபில்டர் சரிதானே?"

கடையில் யாரும் இல்லை. நான் நிதானமாக யோசித்தேன்.

"ஃபில்டர் சரிதான் அண்ணா. கண்ணு களைச்சிருக்கும். இடது கண்ணால பாருங்க."

"அதான் உன்னைக் கேக்குறது. நீ இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்? ரொம்ப நன்றி தங்கச்சி."

எனக்கு அவரிடம் வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான், ஐயா. அது கிடைத்ததும் கோபம் போய்விட்டது. அதன் பிறகு அவருக்கு நான் எந்தக் கெடுதலும் நினைக்கவில்லை.