அவள் கைக்கு ஏற்றது

கடைக்கு வருகிறவர்களின் முகத்தை நான் அதிகம் பார்ப்பதில்லை, ஷெரிஃப். கையைத்தான் பார்ப்பேன். விரல் நீளம், மணிக்கட்டின் தடிமன், நகம் வளர்த்திருக்கிறார்களா, இவ்வளவு போதும். எந்தத் துப்பாக்கியை எடுத்துக் கவுண்டர்மேல் வைப்பது என்று தெரிந்துவிடும். பத்தொன்பது வருடப் பழக்கம். செருப்புக் கடைக்காரன் பாதத்தைப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

ராய்ஸ் ஏன் ஓடாமல் நடந்து போனான் என்று கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் லோர்னாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது குழந்தைக் கை. ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு அவள். பல் ஆஸ்பத்திரிச் சீருடையில் நின்றால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருப்பாள். மார்ச் வரைக்கும் என் தம்பி ராய்ஸின் மனைவி. அதன் பிறகு, அவள் வீட்டுப் பக்கமே அவன் வரக்கூடாது என்று கோர்ட் ஒரு காகிதம் கொடுத்தது. அந்தக் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போன செவ்வாய்க்கிழமை மதியம் கடைக்கு வந்தாள்.

"வெண்டல், ராய்ஸ் உங்க தம்பிதான். இருந்தாலும் இந்த ஊர்ல என்னைக் கிண்டல் பண்ணாம துப்பாக்கி காட்டுறவர் நீங்க ஒருத்தர்தான்."

"யாரும்மா கிண்டல் பண்ணது?"

"நெடுஞ்சாலைக் கடையில ஒரு ஆளு. உனக்கு எதுக்குத் துப்பாக்கி, நல்ல கடிநாயா ஒண்ணு வாங்கிக்கோன்னான். நாய் வச்சிருந்தேன்னு சொன்னேன். சொல்லிட்டு இங்க வந்துட்டேன்."

நாய்க்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

முதலில் நடுத்தர அளவில் ஒன்றை எடுத்து வைத்தேன். அவள் கையில் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அதன் மேல்பகுதி வெண்ணெய் மாதிரி பின்னால் வரும். அதைப் பின்னுக்கு இழுத்து விட்டால்தான் முதல் குண்டு ஏறும். அதுவரைக்கும் எந்தத் துப்பாக்கியும் வெறும் இரும்பு. இழுத்தாள். வந்தது. பின்கட்டுச் சுடுகூடத்தில் ஐந்து முறை சுட்டாள். ஐந்தும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் விழுந்தன.

"அட, இது நானா?"

"நீதான்."

காதுமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். நான் குறிக் காகிதத்தைக் கழற்றி எடுத்தேன். அந்தக் காகிதத்தில் ஐந்து ஓட்டைகள் இருந்த இடத்தில் ராய்ஸுக்குச் சட்டைப்பை இருக்கும்.

அவனை வளர்த்தது நான். அப்பா எண்ணெய்க் கிணற்று விபத்தில் போனபோது எனக்குப் பத்தொன்பது வயது, அவனுக்கு நான்கு. அவனுக்கு முடி வெட்டிவிட்டது, ட்ரக் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது, அவன் உடைத்த கதவுகளுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேட்டது நான். இந்தக் கையால் அவனைக் கொல்ல ஒரு துப்பாக்கி விற்க வேண்டுமா? நீங்களே சொல்லுங்கள், என்னால் என்ன செய்ய முடியும்?

"நல்லாத்தான் சுடுற. ஆனா இதை மறைக்க முடியாதே லோர்னா. சீருடைக்குள்ள புடைச்சிட்டு நிக்கும். தூரத்துலயே பார்த்துடுவான்."

அது உண்மை. தொளதொளவென்று ஒரு மேல்சட்டை போட்டால் தீர்ந்தது என்பதும் உண்மை. அதை அவள் கேட்கவில்லை.

உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற தப்பு இது. சின்ன ஆளுக்குச் சின்னத் துப்பாக்கி. கணவன்மார் பிறந்தநாளுக்கு ஆசையாக வாங்கிப் போவார்கள். மனைவிமார் ஒரே மாதத்தில் திருப்பிக் கொண்டுவருவார்கள். துப்பாக்கி சிறுக்கச் சிறுக்க உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விறைக்கும், வெடிக்கும்போது கையை உதறும். இதை விளக்கி என் கையெழுத்தில் ஓர் அட்டை எழுதிக் கவுண்டரில் ஒட்டியிருக்கிறேன். அன்று அந்த அட்டையின்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் அவளிடம் பேசினேன்.

"இழுக்க வரலியே, வெண்டல்."

"புதுசும்மா. போகப் போகத் தளரும்."

"குண்டு ஏத்தியேவா இடுப்புல கட்டிக்கணும்? பயமா இருக்கு."

"பயமா இருந்தா ஏத்தாம வச்சுக்கோ. வேணுங்கிறப்போ இழுத்துக்கலாம்."

"உங்க சனிக்கிழமை வகுப்புக்கு வரட்டுமா?"

"எல்லா இடமும் போயிடுச்சு. ஜூன்ல பார்க்கலாம்."

மறுநாள் என் வீட்டு வாசலில் பீக்கன் கொட்டை போட்டுச் சுட்ட கேக் ஒன்று வைத்துவிட்டுப் போயிருந்தாள். மேலே ஒரு சீட்டு: இப்போதுதான் தூக்கம் வருகிறது, நன்றி. இரண்டு துண்டு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு இந்த ஊரில் சூறாவளி சைரனை ஊதிப் பார்ப்பார்கள். வானம் வெளுத்திருந்தால் யாரும் தலையைக்கூடத் தூக்குவதில்லை. அந்தச் சத்தத்தில் அவள் கத்தியது தெருவில் கேட்கவில்லை. அந்நேரம் நான் வகுப்பில் இருந்தேன். ஆறு நாற்காலி, ஐந்து பெண்கள்.

"மேல்பகுதியை விரலால இழுக்காதீங்க. இடது கையால அதை இறுக்கிப் பிடிச்சு அப்படியே வச்சுக்கோங்க. வலது கையால துப்பாக்கியை முன்னால தள்ளுங்க. விரலுக்கு வேலை இல்ல, தோளுக்குத்தான்."

கீல்வாதக்காரி ஓபல் அதைக் கேட்டு ஒரு சின்னத் துப்பாக்கியில் ஒரே தள்ளில் குண்டு ஏற்றினாள். லோர்னாவுக்கு விற்ற அதே மாடல்தான்.

"அடப் பாவி மனுஷா, இவ்வளவுதானா? என் புருஷன் நாப்பது வருஷமா ஏதோ மந்திரம் மாதிரி மூடி வச்சிருந்தானே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாத பாடம் அது.

எதிர்வீட்டுக்காரர் பார்த்ததைச் சொன்னீர்கள். துணி உலர்த்தும் கம்பிக்குக் கீழே நின்று அவள் துப்பாக்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாளாம். பிணமாகக் கிடந்தவளின் கட்டைவிரலில் தோல் உரிந்திருந்தது என்றீர்கள். ராய்ஸ் அவள் கண்முன்னே புல்வெளியைக் கடந்து அவளை நோக்கி நடந்து போனானாம். துப்பாக்கியைக் கண்டவன் பதுங்குவான், இல்லை பாய்வான். அவன் ஏன் நடந்தான் என்பதுதானே உங்கள் கேள்வி.

வியாழக்கிழமை சாயங்காலம் ராய்ஸ் என் வீட்டுக்கு வந்தான். மிச்சமிருந்த கேக்கை எடுத்து நின்றபடியே தின்றான்.

"அண்ணே, இது அவ செஞ்சதாச்சே. கடைக்கு வந்தாளா? என்ன வாங்கினா?"

"உனக்கு எதுக்குடா அது? அந்தப் பக்கம் போகாதே. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"பேசத்தான் போறேன். நீ சொன்னாலும் போவேன், சொல்லலைன்னாலும் போவேன். அவ சுட்டுட்டான்னா, எங்க அண்ணன் கையால போனேன்னு நெனச்சுக்கறேன்."

அவனைத் தடுக்க என்னால் ஒருநாளும் முடிந்ததில்லை. உங்களுக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் என்கிறீர்கள். பண்ணினால் அவனைப் பிடித்து உள்ளே வைப்பீர்கள். ஜெயிலில் அவன் தாங்க மாட்டான், ஷெரிஃப். சின்ன வயதிலிருந்தே இருட்டு என்றால் அவனுக்குப் பயம்.

அதனால் சொன்னேன். "சின்னதுதான் வாங்கினா. உள்ள குண்டு ஏத்தியிருக்க மாட்டா. ஏத்தவும் அவளால முடியாது. நீ ஓடாதே, நடந்தே போ. அவசரமே இல்ல."

ஓடினால் அவள் பயந்துவிடுவாளே என்றுதான் அப்படிச் சொன்னேன். அதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.