கை விட்டால் நிற்காத வண்டி

எதை வாங்கினாலும் பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பேன், சார். என் சுபாவம் அது. துணிக்கடையில் சட்டை பிரித்துத் தைக்கிற வேலை எனக்கு. ஒரு பித்தானுக்கு நாலு டப்பாவைக் கவிழ்ப்பேன். அந்த ரிமோட் வண்டிக்கும் அப்படித்தான் பல கடை ஏறி இறங்கினேன்.

நீங்கள் அதைப் பொம்மை என்று எழுதுகிறீர்கள். கடைக்காரர் கேட்டால் கோபித்துக்கொள்வார். பொம்மை இல்லம்மா, மாடல், நிஜ வண்டியைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கியது என்று போன அன்றே என்னைத் திருத்தினார். நல்ல மனுஷர், வாய்தான் ஓயாது. பாய்ந்து ஓடுகிற ரகம் எனக்கு வேண்டாம் என்றேன். நிஜ வண்டி கல்லில் ஏறும்போது ஒரு சக்கரம் தூக்கி ஒரு சக்கரம் தாழ்ந்து எப்படித் திணறுமோ, அப்படி ஊர்ந்து போக வேண்டும். கதவு திறக்க வேண்டும். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பொம்மை உட்கார இடம் வேண்டும். எங்கள் வண்டியின் போட்டோவைக் காட்டி, அதே உருவம், அதே நீலம் என்றேன்.

எங்கள் வண்டியை உங்களுக்குத் தெரியும். போன வருஷம் அந்த விபத்தையும் இந்த ஸ்டேஷனில்தான் எழுதினீர்கள். என் வீட்டுக்காரருக்குக் கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டுவதென்றால் உயிர். எங்கள் மகளுக்கு அப்பா என்றால் உயிர். வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். காலேஜ் போன பிறகும் அது மாறவில்லை. அன்றைக்கு மலைச்சரிவில் வண்டி பின்வாங்கப் பார்த்ததும், சக்கரத்துக்குக் கல் வைக்க அவர் கீழே இறங்கினார். கை பிரேக் பிடிக்கவில்லை. வாலு உள்ளேயே இருந்தாள். வண்டி பள்ளத்தில் உருண்டு போன பிறகும் அவர் கல்லும் கையுமாக நின்றிருந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நான் அவரைத் திட்டவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"வண்டி உருண்டப்ப அவளைப் பிடிக்கக் கை நீட்டுனீங்களா?"

"தெரியல. ஞாபகம் இல்ல" என்றார்.

ஆமாம் என்றிருந்தால் நம்பியிருப்பேன். இல்லை என்றிருந்தால் நாலு நாள் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பேன். தெரியல என்பதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அடுப்படியிலும் அதே கேள்வி, தையல் மிஷினிலும் அதே கேள்வி.

கடைக்காரரிடம் கடைசியாக, சரிவில் கை விட்டால் வண்டி நிற்குமா என்று கேட்டேன். அவர் பலகையைச் சாய்த்து வைத்து இரண்டு வண்டிகளை ஓட்டிக் காட்டினார்.

"இது விரலை எடுத்தாலும் அங்கயே நிக்கும். அது நிக்காது, உருண்டுடும். புதுசா ஓட்டுறவங்களுக்கு அது வேணாம்மா."

எங்கள் வண்டியும் நிற்காத வண்டிதான் என்று சொல்லி, அதையே கட்டித் தரச் சொன்னேன்.

வாலுவின் மஞ்சள் சட்டையில் ஒரு துண்டு வெட்டிப் பொம்மைக்குச் சட்டை தைத்தேன். அவ்வளவு சின்னக் காலர் நான் தைத்ததே இல்லை. வண்டியைக் கொடுத்ததும் என் வீட்டுக்காரர் அந்தப் பொம்மையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு மனுஷர் கொஞ்சம் தேறினார். லீவு நாளில் இரண்டு பேரும் அந்தப் பழைய கல்குவாரிக்குப் போவோம். ஒவ்வொரு தடவையும் பொம்மைக்கு நூலால் பெல்ட் கட்டிவிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார். எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். தையல் மிஷின் என்று நினைத்து அழுத்தாதே என்று கேலி செய்து சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பிடித்திருந்தது. கை விட்டுடாத, அது நிக்காது என்று மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ரிமோட் என் கையில் இருந்தது. பள்ளத்துக்கு முதுகைக் காட்டி வண்டி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் விளிம்போரம் குந்தி உட்கார்ந்து எனக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். நான் விரலை எடுத்தேன். தவறிப் போகவில்லை, எடுத்தேன். அந்த இடத்தில் மண் இளகிக் கிடப்பதை முந்தின வாரமே கவனித்து வைத்திருந்தேன். எதையும் பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று சொன்னேனே.

அவர் கை நீட்டினார், சார். ஒரு கை இல்லை, இரண்டு கையும். வாலு என்று கூப்பிட்டுக்கொண்டே நீட்டினார். பொம்மை அவர் கைக்குள்தான் இருந்தது என்று கீழே இறங்கிப் பார்த்த உங்கள் ஆட்களே சொன்னார்கள்.

ஆக, அன்றைக்கும் நீட்டித்தான் இருப்பார், பாவம். அவருக்குத்தான் ஞாபகம் இல்லாமல் போயிருக்கிறது. இதை அவரிடம் சொன்னால் எவ்வளவு நிம்மதிப்படுவார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். டீ போட்டு இரண்டு தம்ளரில் ஊற்றிய பிறகுதான் ஒன்றைத் திரும்பப் பாத்திரத்தில் கவிழ்த்தேன்.

எனக்குத் தெரிய வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் நின்றேன். அவர் சட்டையின் மேல் பித்தான்கூடக் கண்ணுக்குத் தெரிந்தது, நான் தைத்த பித்தான். அவர் சரிந்தபோது நான் கை நீட்டினேனா என்று கேட்கிறீர்கள்.

தெரியல, சார். ஞாபகம் இல்ல.