ஒரு பக்கம் போதும்

எனக்கு மூக்குக்கண்ணாடி இல்லாமலேயே பொடி எழுத்து நன்றாகத் தெரியும். இந்த வயதில் அது பெரிய விஷயம். எழுத்துச்சாமி கோயிலில் பிழை திருத்தும் வேலை இருபத்தெட்டு வருடமாக என்னிடமே இருப்பதற்கு அதுதான் காரணம்.

வேலை எளிது. ஊரில் அன்று நடந்ததையும் ஊரிலுள்ள எல்லோர் பெயரையும் எழுத்தர்கள் ஒரு பக்கத்தில் நெருக்கி எழுதுவார்கள். நான் சிறு கத்தியால் பிழைகளைச் சுரண்டி எடுப்பேன். காலையில் சாமி படிப்பார். அவர் படித்ததுதான் உலகத்துக்குத் தெரியும். அறிவுக்கே கடவுள், ஆனால் எழுதிக் கொடுக்காவிட்டால் பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. சுரண்டியது என்னவென்று கத்தி பிடித்தவனுக்கு மட்டும் நினைவிருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அதுதான் வழக்கம். ஊர் வளர்ந்தது, பக்கம் வளரவில்லை. முதலில் தெருச்சண்டைகளைச் சுரண்டினேன். மறுநாள் சண்டைக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். யாருக்கு நஷ்டம்? பிறகு யாரும் தேடாத பெயர்கள். பூட்டு ரிப்பேர்காரர், மாடி அறையில் தனியாக இருந்த தையல்காரர், இப்படி. சுரண்டினால் ஆள் சாகமாட்டான். அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அவனை யாருக்கும் தெரியாது, அவனுக்கே தன்னைத் தெரியாது, அவ்வளவுதான். கோயில் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துகொள்வான். இப்போது நாற்பத்திரண்டு பேர் இருக்கிறார்கள்.

நாற்பத்திரண்டாவது ஆள் என் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். எங்கள் எழுத்தர்களில் ஒருவர். ஒருநாள் தாளைத் தடவிப் பார்த்தவர் ஓர் இடத்தில் விரலை நிறுத்தினார்.

"மச்சான், இங்க தாள் மெலிஞ்சிருக்கு. யாரோ இருந்திருக்காங்க."

"இடமில்ல அத்தான்."

"சாமிகிட்ட இன்னொரு பக்கம் கேட்டா குடுக்க மாட்டாரா? நாளைக்கு நானே கேக்குறேன்."

தங்கமான மனிதர். வாய்தான் கொஞ்சம் நீளம். அவர் பெயர் இருபத்து மூன்றாம் வரியில் இருந்தது. ஒரு நிமிட வேலை.

இப்போது தினமும் என்னைப் பார்த்து எழுந்து நிற்கிறார். "ஐயா, எனக்கு வீடு ஏதாவது இருக்குதுங்களா?" என்று கேட்கிறார். "இல்லையேப்பா" என்பேன். டீ வாங்கிக் கொடுப்பேன், சர்க்கரை தூக்கலாக. அவருக்கு அப்படித்தான் பிடிக்கும். நானும் மனிதன்தானே.

அக்காவை நினைத்தால்தான் மனசு கஷ்டப்படுகிறது. "ரெண்டு தட்டு வைக்கிறேன்டா, ஏன்னே தெரியல. கதவுக்குப் பின்னாடி ஒரு பெரிய செருப்பு கிடக்கு. பாத்தாலே அழுகை வருது" என்றாள். தூக்கிப் போடச் சொன்னேன். அவள் அதை விசாரணை எழுத்தரான உங்களிடம் கொண்டு வந்துவிட்டாள். நீங்களும் தாளைத் தடவிப் பார்த்துவிட்டீர்கள்.

சாமியைப் பற்றிக் கேட்டீர்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் நானில்லை. தினமும் படித்து முடித்ததும் அவராகவே கேட்பார், "ஒரு பக்கம் போதுமாப்பா?" என்று. இருபத்தெட்டு வருடமாகக் கேட்கிறார். "தாராளமாப் போதும் சாமி" என்பேன். இரண்டாவது பக்கம் வந்தால் அதற்கு இரண்டாவது ஆளைப் போடுவார்கள். அவன் கண் எப்படியோ, கை எப்படியோ. எனக்காகவா சொல்கிறேன்? பக்கம் அழகாக இருக்க வேண்டாமா?

நான் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதும் இதுதான் இன்றைய பக்கம்; அத்தான் பெயரை இதில் எழுதினால் போதும். காலையில் சாமி படிப்பார், அக்கா கதவைத் திறந்து அவரை உள்ளே கூப்பிடுவாள். அந்தப் பெயர் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்வதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. மூன்றே எழுத்து. ஆனால் பாருங்கள், நீங்கள் கடைசி வரிக்கு வந்துவிட்டீர்கள்.

வேண்டாம், இன்னொரு தாள் எடுக்காதீர்கள். ஒரு பக்கம் போதும்.