விளக்கு வைத்த கார்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். துரைமார் காலத்தில் சூலூரிலிருந்து கோயமுத்தூர் போகிற பஸ்ஸில் கேட்டது இது. முன் சீட்டில் ஒரு கவுண்டரும் அவர் வீட்டம்மாவும் இருந்தார்கள். காலடியில் கார் பேட்டரி. பக்கத்தில் கணபதிப் பட்டறை மெக்கானிக் ஒருவர்.

“காரு வாங்கியும், பேட்டரி பஸ்ஸுலதானுங்க ஊர் சுத்துது” என்றார் அந்தம்மா.

மெக்கானிக் சிரித்துவிட்டு, “வண்டி ஓடறப்ப சார்ஜ் காட்டற முள்ளு ஏறுதுங்களா?” என்று கேட்டார்.

“நல்லா ஏறுதுங்க. பேட்டரியும் புதுசு. காலையில பாத்தா செத்துக் கெடக்குது. டிரைவர் ராத்திரியில திருட்டுத்தனமா ஓட்டறான்னு, நேத்து அவனை வேலைய உட்டு நிறுத்திப்போட்டேன்” என்றார் கவுண்டர்.

“ஓட்டியிருந்தா சார்ஜ் ஏறித்தானுங்க இருக்கும்! நிக்கறப்பத்தான் கரண்டு போகுது. ஏதாச்சும் எரியுதுங்களா?”

அந்தம்மா மெதுவாகச் சொன்னார்: “லட்சுமியாட்ட ஊட்டுக்கு வந்த வண்டிங்க. வெளக்கு வைக்கற நேரத்துல அதை மட்டும் இருட்டுல உடலாமுங்களா? நாந்தான் ரெண்டு லைட்டையும் போட்டுட்டு, சோறாக்கி முடிச்சு அணைப்பேன்.”

“தெனமுமா?” என்றார் கவுண்டர்.

“வெள்ளிக்கெழமை கொஞ்சம் சேத்தி எரியுமுங்க.”

“நல்லவேளை அம்மணி, ஹாரனை அடிச்சுப் பூசை பண்ணலைங்க” என்றார் மெக்கானிக்.

சிங்காநல்லூரில் பஸ் நின்றது. கவுண்டர் எழுந்தார். “டிரைவர் ஊடு இங்கதான். நீ பேட்டரியோட முன்னால போ, அவனைக் கூட்டிட்டு வாரேன்.”

“என்னையும் நிறுத்திப்போடுவீங்களா?”

“உன்னை நிறுத்துனா எனக்கு ஆரு சோறாக்கறது?” என்றபடி இறங்கி, வேகமாக நடந்தார்.

அந்த முள்ளுக்குச் சரியான பேர் என்ன, அவர் இறங்கியது சிங்காநல்லூர்தானா என்பதைத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள்.