மீட்புக் கோபுரத்தை விற்க ஒரு கையெழுத்து

அவைக்குத் தலைமை தாங்கும் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் முழங்கால் வலியோடு அமர்ந்திருக்கும் மூத்த தோழர்களே, கரித்தூள் படிந்த எங்கள் சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே கை தேய்ந்த தாய்மார்களே, வணக்கம்!

நாளைக் காலை நிர்வாகம் ஒரு தாளை நீட்டப் போகிறது. நம் ஆலையின் அமில மீட்புக் கோபுரத்தைப் பழைய இரும்பாக விற்க, சங்கத்துக்குச் சம்மதம் என்று நாம் கையெழுத்துப் போட வேண்டுமாம்!

அந்தக் கோபுரம் என்ன செய்தது? கிராஃபைட் தூளைக் கழுவிக் களைத்த அமிலத்தைக் காய்ச்சி, வடித்து, மறுபடி கழுவக் கொடுத்தது. ஏன் நின்றது? ஏழாண்டுக்கு முன் புது அமிலம் மலிந்தது. கொதிகலனுக்கு எரிபொருள் விலை ஏறியது. மீட்பதைவிட வாங்குவதே லாபம் என்றார்கள். கழிவு அமிலத்தைச் சுண்ணாம்பு கலந்து ஓடையில் விட்டார்கள். பிறகு? சுண்ணாம்பும் செலவு என்று அமிலத்தை அப்படியே விட்டார்கள்! லாபமாம், லாபம்! யார் வீட்டுக் கிணற்றில் இறங்கிய லாபம்?

என்ன, பின்வரிசையில்? "நீ என்ன பண்ணிட்டிருந்தே"ன்னா? கேளுங்கள், நன்றாகக் கேளுங்கள்! வால்வை ஓடைப் பக்கம் திருப்பியவனே நான்தான்.

போன வருடம் என் தங்கை கேட்டாள்: "அண்ணா, பெரியவளுக்குப் புதுசா முளைச்ச பல்லெல்லாம் பழுப்பா இருக்கே, ஏன்?" அவள் வீட்டுக் கிணறு ஓடையிலிருந்து நாற்பதடி. அந்த அமிலத்தின் ஃபுளோரைடு குடிநீரில் கலந்தால் பிள்ளைகளின் பல்லில்தான் முதலில் தெரியும் என்பது ஆலையில் யாருக்குத் தெரியாது? தெரிந்தே சொன்னேன்: "பேஸ்ட்டை மாத்திப் பாரும்மா." மாற்றினாள். மூன்று முறை மாற்றினாள்! பாவி நான், பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை உண்மையைச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். அடுப்பிலிருந்த தண்ணீரை இறக்கிக் கீழே கொட்டினாள். "சின்னவளுக்கு இன்னும் பால் பல்லே விழலையேண்ணா. அவளுக்கும் இப்படித்தானா?" என்றாள். 

அந்தக் கேள்விக்கு நிர்வாகம் பதில் சொல்லட்டும்! கோபுரம் மறுபடி ஓடட்டும், ஓடைக் குழாய் அடைபடட்டும், வீடுகளுக்கு நல்ல தண்ணீர் வரட்டும்! அதுவரை என் கையெழுத்து இல்லை, இல்லை, இல்லவே இல்லை! தலைவரே, மணியை அடிக்காதீர்கள், முடித்துவிட்டேன்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. அந்தப் பொறுமையை மட்டும் நாளைக் காலை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வணக்கம்!