அவர் புரட்டத்தான் சொன்னார்

சுடுகிறார்கள். செக்காலை ரோட்டில் ஓடுகிறோம். படார். படார். செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வருஷம் அறுபத்தைந்து. மொழிப் போராட்டம். உச்சி வெயில்.

சாக்கடையில் ஒருவன் குப்புற விழுந்து கிடக்கிறான். தங்கராசு. பள்ளிக்கூடத்தில் என்னிடம் தமிழ் படித்தவன், இப்போது கல்லூரியில். காலில்தான் குண்டு. ஆனால் முகம் தண்ணீருக்குள். என் புருஷன் சவரிமுத்து, சைக்கிள் கடைக்காரர், என் கையை உதறிவிட்டுத் திரும்புகிறார்.

"போகாதீக! இங்குட்டு வாங்க!"

கேட்கவில்லை. சுவரோரம் பதுங்கியிருந்தவர்களைப் பார்த்துக் கத்தினார். "புரட்டு! அவனைப் புரட்டு! மூச்சு முட்டுது!"

படார். அவரும் விழுந்தார்.

சுட்ட போலீஸ்காரர்கள் வெளி மாநிலம். தமிழ் தெரியாது. விசாரணையில் வாசித்தார்கள் பாருங்கள்: "புரட்சி, புரட்சி என்று கூவிக் கலகத்தைத் தூண்டினான்." அடப் பாவிகளா! பஞ்சர் ஒட்டுகிற மனுஷன் அரசாங்கத்தைக் கவிழ்க்கப் போனாராம்.

நான் தமிழ் டீச்சர். சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். வேர் ஒன்றுதான். புரள். தானே செய்தால் புரள்வது. இன்னொருவரைப் புரள வைத்தால் புரட்டுவது. அடியில் கிடப்பது மேலே வந்தால் புரட்சி. பொய் சொல்லி ஊரை ஏய்த்தால் அதற்கும் பெயர் புரட்டு. இந்தக் கடைசிப் பாடத்தை மட்டும் நம் ஆட்கள் தலைகீழாக ஒப்பிப்பார்கள்.

எழுபதுகளில் அடுத்த கூத்து. அதே ரோட்டில் மேடை. என் புருஷன் படத்துக்கு மாலை. அன்று சுவரோரம் பதுங்கியிருந்தவர்களில் ஒருவர் மைக் பிடிக்கிறார். வேட்டியில் கரை, கரையில் கட்சி. "புரட்சி முழங்கி மாண்ட வீரர்!" கைதட்டல். த்தூ! போலீஸ் சொன்ன அதே பொய். இவர்கள் அதற்கு மாலை போட்டார்கள், அவ்வளவுதான்.

எழுந்தேன். "அவர் புரட்டத்தான் சொன்னார்" என்றேன். மைக்கிலேயே பதில் வந்தது.

"ஏன் டீச்சர், நல்ல நாளும் அதுவுமா கெடுக்குறீக? உக்காருங்க."

நல்ல நாளாம்.

இழந்ததை நானே சொல்கிறேன். செத்தவர்கள் இருவர். என் புருஷன், நெஞ்சில் குண்டு பட்டு. என் மடியில் போனார். தங்கராசு, சாக்கடைத் தண்ணீர் குடித்து. காலில் பட்ட குண்டுக்கு அவன் செத்திருக்க மாட்டான். இன்று மேடையில் புரட்சி, புரட்சி என்று கூவுகிற வாய்கள் அன்று அந்தச் சுவரோரம் எத்தனையோ இருந்தன. அவனைப் புரட்ட ஒரு கை வரவில்லை.