பின்னால் மட்டும் போன டாங்கி

ஈயத்தை உருக்கிச் சால்டரிங் செய்யும் இடத்தில் மின்விசிறி ஓடக் கூடாது. ஒட்டு சரியாகப் பிடிக்காது. கல்யாணத்துக்கு முன்பு ரேடியோ தொழிற்சாலையில் கற்றுக்கொண்டது அது. நீங்கள் எடுத்துப் போன டாங்கியில் இருக்கும் ஒட்டெல்லாம் என் கைவேலைதான். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் ஒன்றுகூட விட்டிருக்காது, பாருங்கள்.

ரிமோட்டில் ஓடும் பொம்மைதான். ஆனால் முழுக்க இரும்பும் பித்தளையும். தூக்க இரண்டு கை வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அதன்மேல் பைத்தியம். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்த பிறகும் வாய் மட்டும் ஓயவில்லை.

"சுடும்போது பீரங்கிக் குழாய் உள்ள போய்ட்டு வரணும்டி. அது இல்லாம இது டாங்கியா, தண்ணி வண்டியா?"

"உங்களைப் புரட்டிப் போடவே எனக்கு இடுப்பு கழண்டுபோகுது. இதுல குழாய் வேறயா?"

"உன் கைக்கு அது ஒரு வேலையா?"

நைச்சியமாகப் பேசுவார். அதில்தான் எனக்கு முதலில் பொறி தட்டியது. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவருக்குத் திரும்பிப் படுக்கவா முடியாது?

பயிற்சி கொடுக்க வந்த பெண்ணும் சொன்னாள்: "மனசு வச்சா எழுந்துடுவாரும்மா."

என் நாத்தனார் சிரித்துக்கொண்டே இன்னொன்று சொன்னாள்: "எங்கண்ணன் வயித்துவலின்னு நடிச்சே பாதிப் பள்ளிக்கூடத்தை ஓட்டின ஆளு, அண்ணி."

அதன்பிறகு கண்ணை மூடிக்கொண்டா இருக்க முடியும்? கடைக்குப் போய்த் திரும்பினால் மூடியிருந்த ஜன்னல் திரை விலகியிருக்கும். மூலையில் விட்ட செருப்பு கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

"யார் திறந்தது?"

"காத்துதான், வேற யாரு?"

செருப்பையும் காற்றா தள்ளும்? அவர் ஆசைப்பட்ட வேலையைச் செய்ய உட்கார்ந்தேன்.

ஒரு சின்ன மோட்டார் குழாயை உள்ளே இழுக்கும், ஸ்பிரிங் வெளியே தள்ளும். அது சுலபம். நிஜ டாங்கி சுட்டால் வண்டியே பின்னால் உதறும். அதற்காகச் சக்கரப்பட்டை ஒரு சொடுக்கு பின்னால் சுழன்று, உடனே முன்னால் சுழன்று பழைய இடத்துக்கு வர வேண்டும். பின்னால் போகும் கம்பியைக் கோர்த்தேன். முன்னால் வரும் கம்பியைக் கோர்க்கவில்லை. ரிமோட்டில் வண்டியை ஓட்டும் கம்பியையும் கழற்றிவிட்டேன்.

கட்டிலை ஒட்டிய சுவரில் நீளமாக ஒரு பலகை உண்டு. டாங்கியை அதில் அவர் கால் பக்கம் பார்க்க வைத்தேன். காற்று வரட்டும் என்று கட்டிலையும் கொஞ்சம் நகர்த்தினேன். பலகை முடியும் இடம் தலையணைக்கு நேர் மேலே வந்தது.

"சுட்டுப் பாருங்க."

சுட்டார். குழாய் உள்ளே போய் வந்தது. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். விடாமல் சுட்டார். பிறகு கை நின்றது.

"ஏய், பின்னாடியே வருதே, முன்னாடி போகலையே. எடுத்து வை, தலையில விழுந்துடும்."

"நீங்களே எழுந்து எடுங்களேன்."

"விளையாடாதடி."

"ஆள் இல்லாதப்ப எழுந்திரிக்கத் தெரியுது. இப்பத் தெரியாதா?"

அவர் என்னையே பார்த்தார். ரிமோட்டை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். உருண்டு தள்ளிப் படுக்க அவகாசம் கொடுத்தேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் நடுவே நிறுத்தி, பார்த்து, பிறகுதான் அடுத்ததை அழுத்தினேன். அவர் வலது கையை மட்டும் முகத்துக்கு மேலே தூக்கினார். என் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டார். டாங்கியின் பின்பக்கம் பலகையைத் தாண்டிச் சாய்ந்தது. கடைசியாக ஒரு தடவை அழுத்தினேன்.

அந்தக் கை தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது என்றார்கள். திரையும் செருப்பும் நகர்ந்த கதையை நான் சொன்னதும் நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க கடைக்குப் போனப்பல்லாம் நான்தான் அண்ணி சாவி போட்டு வந்து, திரையை விலக்கி, பெருக்கிட்டுப் போவேன். என்னைக் கண்டாலே உங்களுக்கு ஆகாதேன்னு அண்ணன்தான் சொல்ல வேண்டாம்னாரு."

இருக்கலாம். ஆனால் அவள் அவருடைய தங்கை, அண்ணனை விட்டுக்கொடுப்பாளா?

செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. என்னை மாட்டிவிட வேண்டும் என்பதற்காகவே அந்த மனுஷன் கடைசிவரை அசையாமல் படுத்திருந்தாரோ?